கடைசி சைக்கிள்

“இன்னிக்கும் பேட்டரி மண்டையப் போட்டுருச்சா மேடம்?”

படகுத்துறையில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கேட்டவர் கேப்டன். மின்சார சைக்கிளில் ஆற்றோரமாகவே ஐந்து நாள் கூட்டிப்போகும் இந்தப் பயணத்தின் வழிகாட்டி. எப்போதும் முன்னால் போகிறவர்.

“பாதி வழியிலேயே நின்னுபோச்சு சார்.”

“மோட்டார ஃபுல்லா வெச்சு ஓட்டியிருப்பீங்க.”

“இல்ல கேப்டன், கம்மியாத்தான் வெச்சிருந்தாங்க. நான் பின்னாலயேதானே வந்தேன்” என்றாள் வாலு.

கூட்டத்தின் கடைசியில் வருவது வாலுவின் வேலை. யார் பின்தங்கினாலும் அவர்களை விட்டுவிட்டு முன்னால் போகக்கூடாது. சாயங்காலம் எல்லா பேட்டரிகளுக்கும் சார்ஜ் போடுவதும் அவள்தான். வாலு என்ற பெயரை வைத்தது கேப்டன்.

“விடுங்க கேப்டன், மேடம் ஆத்துல எத்தனை மீன் இருக்குன்னு எண்ணிட்டு வர்றாங்க” என்றார் மனைவியோடு வந்திருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிளைத் தள்ளிவந்தவளும் சிரித்து வைத்தாள்.

ஜோடி ஜோடியாக வந்திருந்த கூட்டத்தில் தனியாக வந்தவள் அவள் மட்டும்தான். கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் வேலை. எதிரே வந்து உட்காருகிறவர்கள் சுவரிலிருக்கும் எழுத்துகளைப் படிப்பார்கள். அதற்குமேல் அவளிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை. வீட்டுக்குப் போனால் அந்தச் சத்தமும் இருக்காது.

இங்கே, மோட்டார் நின்றுபோன சைக்கிளை அவள் தள்ளும்போது, வாலுவும் இறங்கித் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வருவாள். வாய் ஓயாது.

“நீங்களாவது கண்ணப் பாக்கறீங்கக்கா. எனக்கு வருஷம் பூரா முதுகுதான். எல்லாரும் முன்னால பறந்துடுவாங்க. இந்த வேலையில சேர்ந்ததிலேருந்து ஒரு மூஞ்சிகூட ஞாபகம் இல்ல.”

“என் மூஞ்சியையும் மறந்துடுவே.”

“அதெப்படிக்கா மறக்கும்? தள்ளித் தள்ளித் தக்காளி மாதிரில்ல ஆயிருக்கு.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கரையோரத்துக் கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. தனக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

நான்காம் நாள் காலையில், கேப்டன் வேனிலிருந்து புது பேட்டரி ஒன்றை எடுத்துவந்து அவள் சைக்கிளில் மாட்டினார்.

“பழசுதான் மக்கர் பண்ணுது. இனிமே நீங்க ராணி மாதிரி என் பின்னாலயே வரலாம்.”

சைக்கிள் பறந்தது. நாணல் புதர்களும் பாலமும் ஆற்றின் வளைவுகளும் கண்ணில் பட்டதும் காணாமல் போயின. பக்கத்தில் வந்த கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள். திரும்பிப் பார்த்தாள். வெகு தூரத்தில் ஒரு புள்ளியாக வாலு வந்துகொண்டிருந்தாள். மெல்ல வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள்.

“நிக்காதீங்க மேடம், வரிசை கெட்டுடும்” என்றார் கேப்டன்.

அன்று வழி முழுவதும் அவளிடம் யாரும் பேசியது அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்ததும் விடுதியில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“எல்லாத்தையும் சார்ஜ்ல போட்டாச்சா வாலு?”

“போட்டாச்சு கேப்டன்.” தட்டிலிருந்து வாலு நிமிரவில்லை.

“நாளைக்குக் கடைசி நாள். மேடம் பேட்டரியும் இப்போ கில்லி மாதிரி ஓடுது. நேரத்தோட போய்ச் சேர்ந்துடலாம்.”

கடைசி நாள். நாளை மறுநாள் அதே சுவர், அதே எழுத்துகள். நடுவில் வாலுவோடு தள்ளிக்கொண்டு நடக்க மிச்சமிருப்பது ஒரே ஒரு பாதி வழி. அதையும் இந்தப் புது பேட்டரி பிடுங்கிக்கொள்ளப் போகிறது.

கை கழுவும் சாக்கில் எழுந்து போனவள், விடுதிக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குள் நுழைந்தாள். கேப்டன் திட்டட்டும். எல்லோரும் சிரிக்கட்டும். பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் இருந்தன. சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். தன்னுடையது எதுவென்று தேடிக் குனிந்து, ப்ளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

வாலுவைத் தவிர வேறு யாரும் வராத அந்தக் கொட்டகையில், அவளுடைய ப்ளக் மட்டும் ஏற்கெனவே பிடுங்கிக் கிடந்தது.