அடுத்த காற்புள்ளி வரை

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆரோக்கியத்தின் குரல் அடுத்த அறைக்கு எட்டுவதில்லை. படுக்கையிலிருந்தே அவர் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து விசிறி, விளக்கு, அவளை அழைக்கும் மணி இவற்றை இயக்க, மனைவி மெட்டில்டா ஒரு நிரல் செய்திருந்தாள். விதிகளை மட்டும் அவள் எழுதிக் கொடுத்தாள். அவற்றைக் கொண்டு, வரியைப் பகுத்துப் படிக்கும் பார்சரை ஒரு மென்பொருள் கருவி உருவாக்கித் தந்தது. ஆனால் ஓரிடத்தில் தடுக்கினாலும் அந்தப் பார்சர் வரி முழுவதையும் தள்ளிவிட்டு, "பிழை" என்று மட்டும் சொல்லும். நேற்று அப்படித்தான் மணி அடிக்காமல் போய், தண்ணீருக்கு எழுந்தவர் விழுந்துவிட்டார்.

"ஒனக்க மிஷினுக்கு என்னயக் கண்டாலே ஆவாதுட்டி," என்றார், காற்றாக வந்த குரலில்.

"அது ஒங்களப் போலத்தான். ஒண்ணு கோணினா எல்லாத்தையும் தூக்கிப் போட்டிரும்."

காலையில் உட்கார்ந்து இன்னொரு விதி சேர்த்தாள். புரியாத இடம் வந்தால் பார்சர் அடுத்த காற்புள்ளி வரை தாண்டிப்போய், மிச்சத்தைப் படிக்க வேண்டும். தாண்டியதை எறிந்துவிடாமல், அங்கே தான் எதை எதிர்பார்த்தது என்பதையும் சேர்த்து அவளுக்குக் காட்ட வேண்டும்.

மதியம் அவர் ஒரு நீண்ட வரியைத் தட்டினார். விசிறி வேகம் குறைந்தது. விளக்கு அணைந்தது. கடைசியாக மணி அடித்தது. அடுத்த அறையில் அவள் கணினியில் ஒரு செய்தி வந்து நின்றது:

"விசிறி, விளக்கு, மணி இவற்றில் ஒன்றை எதிர்பார்த்தேன். வந்தது: பக்கத்துல கொஞ்சம் இரிட்டி."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டே வந்தாள்.

"இதுக்கும் ஒரு விதி எழுதிரட்டா?"

ஆரோக்கியம் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சுவர்ப் பக்கமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டுப் படுத்தார்.