தட்டு அறுபத்தொன்று

பென்னலூர் தாண்டி இருக்கும் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் அம்மா சமைக்கிறாள், நான் தட்டுக் கழுவுகிறேன். நாற்பது பேருக்குக் கட்டிய இடத்தில் எண்பத்தாறு பையன்கள். தட்டு மாறினால் அடிதடி வரும் என்று ஒவ்வொன்றிலும் ஆணியால் எண் கீறியிருக்கும். புதுக் கம்பெனி கட்டுகிற இடத்தில் கம்பி திருடிப் பிடிபட்ட என் தம்பி டில்லிபாபுவுக்கு அறுபத்தொன்று.

சனிக்கிழமை அவனை விட்டுவிட்டார்கள். ஞாயிறு மதியம் எண்பத்தைந்து எச்சில் தட்டுகள்தான் வர வேண்டும். எண்பத்தாறு வந்தன. அறுபத்தொன்றில் பூசணித் தோல் ஓரமாக ஒதுக்கியிருந்தது. தம்பி அப்படித்தான் ஒதுக்குவான்.

வாட்ச்மேன் கன்னியப்பனிடம் கேட்டேன். "புதுசா யாராச்சும் வந்தாங்களாண்ணா?"

"ஒருத்தனும் வரல. உள்ள கீறவனுங்களுக்கே கால் நீட்ட எடமில்ல. இன்னாத்துக்கும்மா கேக்கற?"

"சும்மாதான்."

அம்மாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். காலையில் தம்பிக்கு மூடிவைத்த சோறு அப்படியே இருந்தது.

"ஏண்டா துன்னல?" என்றாள் அம்மா.

"இப்பதாம்மா துன்னேன்."

நடுவீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"அங்க ஆளு கீறான்க்கா. தள்ளிக் குந்து."

வீட்டில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தள்ளி உட்கார்ந்தேன்.