இன்ஜினியரின் ஆபீஸ் போன்

"அழிச்சிடுங்கம்மா. அந்த ஒரு நாள் மெசேஜ் மட்டும்தான். மத்த நாள் மெசேஜை எல்லாம் ஊர் முழுக்கப் போஸ்டர் அடிச்சு ஒட்டுங்க, ஏன்னு கேட்க மாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார் தலைமை இன்ஜினியர்.

எதிரே நின்றவள் குடிநீர் அலுவலகத்தின் ஆவணக் காப்பாளர். அலுவலகத்தில் அவளுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். அவள் கைக்குப் போய்ச் சேர்ந்த காகிதத்தை மந்திரியே வந்து கேட்டாலும் கிழித்துப் போட முடியாது.

"சார், அது ஆபீஸ் போன். அதுல வர்றது, போறது எல்லாமே அரசாங்க ஆவணம். ஒரு வரியை அழிச்சாலும் உங்களுக்கும் ஜெயில், எனக்கும் ஜெயில்."

"மனு போட்டது யாருன்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்லக் கூடாது சார்."

இன்ஜினியருக்கு வேர்த்தது.

போன மழையில் பிரதானக் குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குள் வெள்ளம் புகப் பார்த்தது. அன்றைக்கு பம்ப் ஹவுசில் ஒற்றை ஆளாக நின்று உத்தரவு போட்டு ஊரைக் காப்பாற்றியவர் அவர்தான். பத்திரிகைகளில் படம் படமாக வந்தது. அடுத்த வாரம் சிறந்த அதிகாரி விருது.

இந்த நேரம் பார்த்து, அன்றைக்கு அவர் போனில் வந்த, போன மெசேஜ் அத்தனைக்கும் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் யாரோ மனு போட்டுவிட்டார்கள்.

'மனுஷன் எவனோ கான்ட்ராக்டர்கிட்ட எதையோ வாங்கியிருக்கார்' என்று பூட்டு முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை, சொட்டச் சொட்ட ஒரு போனைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார் இன்ஜினியர்.

"கை தவறித் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சும்மா. போச்சு, எல்லாமே போச்சு."

குரலில் இருந்த துக்கம் முகத்தில் இல்லை.

"கவலையே படாதீங்க சார். வர்ற, போற மெசேஜ் எல்லாம் அப்பவே தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர்ல பதிவாயிடும். போன் நனைஞ்சா அது நனையாது."

இப்போது முகத்திலும் துக்கம் வந்துவிட்டது.

"நான் நினைச்சா உங்களைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன், தெரியுமா?"

"மாத்துங்க சார். அந்த உத்தரவையும் பத்திரமா வச்சுப்பேன்."

சட்டென்று இன்ஜினியர் இறங்கி வந்தார். "என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியலைம்மா. இதெல்லாம் என் நாற்காலிக்கு ஆசைப்படற அந்தத் துணை இன்ஜினியர் வேலை. நேத்து என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அவளே 'யாருங்க அந்தப் பாவி'ன்னு பதறிட்டா!"

அவர் போனதும் பூட்டு நகலை எடுத்தாள். அன்றைய மெசேஜ் முழுக்க ஒரே ஒரு பெயரோடுதான். 'வீடு.'

"அடப்பாவி, வீடே வாங்கிட்டாரா!"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

'குழாய் வெடிச்சிடுச்சு. என்ன பண்றது?'

'பதறாதீங்க. முதல்ல கிழக்கு வால்வை மூடச் சொல்லுங்க.'

'கிழக்கு எந்தப் பக்கம்?'

'பம்ப் ஹவுஸ் வாசலைப் பார்த்து நில்லுங்க. சாப்பிடற கைப் பக்கம்.'

'மேற்கையும் மூடிடவா?'

'ஐயையோ, தொடாதீங்க! ஆஸ்பத்திரி முழுகிடும். வரைபடத்தைப் பாருங்க. சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து வரைஞ்சு கொடுத்தேனே!'

'அதை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்.'

'தெரியும். அதைப் பார்த்துதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.'

கடைசியாக ஒன்று:

'பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. என்ன சொல்ல?'

'தலையைத் துவட்டிட்டுப் பேசுங்க. சளி பிடிச்சுக்கும்.'

பூட்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி உறையில் போட்டாள்.

மதியம் குடையை மடக்கியபடி ஓர் அம்மாள் வந்தார். மனு போட்ட ரசீதை நீட்டினார்.

"எந்தப் பத்திரிகைம்மா நீங்க? நாளைக்கு முதல் பக்கமா?" என்றாள் பூட்டு.

"பத்திரிகையெல்லாம் இல்லீங்க. அதுல 'வீடு'ன்னு இருக்கில்ல, அது நான்தான்."

பூட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"நானும் அவரும் இன்ஜினியரிங் காலேஜ்ல ஒரே வகுப்பு. குழந்தை பிறந்ததும் நான் வேலையை விட்டுட்டேன்."

"விருதைத் தடுக்கப் போறீங்களாம்மா?"

"சேச்சே! தாராளமா வாங்கட்டும். மேடைக்குப் போட்டுக்கற சட்டையை நேத்துதான் இஸ்திரி போட்டு வச்சேன்."

"இந்த மெசேஜ் எல்லாம் உங்க போன்லயே இருக்குமே. பின்ன எதுக்கு அரசாங்க முத்திரையோட கேட்டீங்க?"

அந்த அம்மாள் உறையைப் பிரித்து, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டார்.

"பசங்க வளர்ந்தாச்சு, திரும்ப வேலைக்குப் போறேன்னு அவர்கிட்ட சொன்னேன். 'உன்கிட்ட அனுபவச் சான்றிதழ் ஏது?'ன்னு சிரிக்கிறார்."