ஏஜ்டு அரிசி

குடோன் வாசலில், லாரியின் பின்னால் செவத்தையா முதுகைக் கொடுத்துக் குனிந்து நின்றபோதுதான் புது சூப்பர்வைசர், "இவர் ஏஜ்டு, இனி இவர் மேல மூட்டை ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செவத்தையா நிமிரவில்லை. "ஏஜ்டுன்னா என்ன மாப்ளே?"

"பாஸ்மதி மூட்டையில அதான் மாமா அச்சடிச்சிருக்கு," என்றான் லாரிமேல் நின்ற லூர்து. "வருசக்கணக்கா கெடந்த அரிசியாம். அதுக்குத்தான் மவுசு."

"அப்ப எனக்கும் மவுசுதான்னு சொல்லு."

சிரித்தார்கள்.

"அரிசி கெடந்தா உதிரி உதிரியா வேகுது. மனுசன் கெடந்தா என்னடா ஆவான்?"

ஒரு நடை மூட்டை சுமக்காமல் விட்டவனை மறுநாள் வேலைக்குக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே கிடையாது. செவத்தையா முதுகுத் துண்டை இழுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். மேலே லூர்துவும் இன்னொருவனும் மூட்டையைக் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். தரையில் அதன் நிழல் அவர் நிழலுக்கு மேலே வந்து, இறங்காமல் அப்படியே நின்றது.