மேலே கோடு போட்ட எழுத்து

"இன்னிக்கும் அந்த சிஸ்டம் ஆளைக் கூப்பிட்டீங்களாம்மா?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் பார்சல் ஆபீஸ் மொத்தமும் தலை நிமிர்ந்தது. லேபிள் அடிக்கிற அக்கா மட்டும் நிமிரவில்லை.

"ஆமா சார். அந்த மேல கோடு போட்ட எழுத்து வர மாட்டேங்குது."

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் ஆபீஸ் அது. அந்த ஊர்ப் பெயர்களில் சில எழுத்துக்குத் தலையில் கோடு, சிலதுக்குப் புள்ளி, சிலதுக்குக் கீழே வால். எங்கிருந்தாவது காப்பி அடித்து ஒட்டினால் லேபிளில் அந்த இடத்தில் கேள்விக்குறிதான் விழும். பெயர் தப்பென்று பார்சல் திரும்பி வந்துவிடும். ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு அதற்குண்டான நம்பரைத் தட்டினால்தான் ஒழுங்காக வரும்.

அந்த நம்பர்தான் அக்காவின் மண்டையில் ஏறித் தொலையவில்லை. ஒவ்வொரு தடவையும் மாடியிலிருந்து, கம்ப்யூட்டரெல்லாம் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அண்ணன் இறங்கி வரவேண்டும். வந்து, தட்டிக் காட்டி, "இவ்வளவுதாம்மா" என்று சிரித்துவிட்டுப் போவார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கு வரவேண்டியதும் சேர்ந்து மேனேஜருக்கு வந்துவிடும்.

"எத்தனை வருஷமா இந்தச் சீட்ல இருக்கீங்க? ஒரே ஒரு எழுத்து! எங்க, என் முன்னாடி அடிங்க பாப்போம்."

அக்கா ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மேல் வரிசையில் இருக்கும் நம்பர்களைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"அங்க இல்லம்மா! வலது பக்கம் தனியா இருக்கே, அந்த நம்பர். தள்ளுங்க, நான் காட்டறேன்."

மேனேஜரே உட்கார்ந்தார். ஆல்ட்டை அமுக்கினார். கூடவே எதையோ தட்டினார். திரையில் இருந்த லேபிள் எல்லாம் பொசுக்கென்று மூடிக்கொண்டது. காலையிலிருந்து அக்கா அடித்தது அத்தனையும் போச்சு.

மூலையில் யாரோ இருமுகிற சாக்கில் சிரித்தார்கள்.

"கம்ப்யூட்டர் சரியில்ல," என்று எழுந்தார் மேனேஜர். பட்ட அவமானம் அக்கா தலையில் விடிந்தது. "உங்களுக்கு வாயால சொன்னா ஆகாதும்மா. மத்தியானத்துலேர்ந்து குடோனுக்குப் போய் பேக்கிங் பண்ணுங்க. நாள் பூரா நின்னாத்தான் புத்தி வரும். இந்தச் சீட்ல இந்தப் பொண்ணு உக்காரட்டும்."

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பெண் அவர் முதுகுக்குப் பின்னால் நெளிந்தாள்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. இடுப்பு வலிக்காரி. நிற்காமல் செய்கிற வேலை வேண்டுமென்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நாற்காலி அது. இப்படியும் ஒரு மக்கு இருக்குமா என்று பக்கத்து சீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார்.

மத்தியானம், அக்கா தன் சாமான்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருக்க, புதியவள் வேலையை ஆரம்பித்தாள். முதல் பெயரிலேயே கோடு. செல்போனில் தேடினாள். ஆல்ட்டை அமுக்கி, வலது பக்கத்தில் சைபர், ரெண்டு, மூணு, மூணு என்று தட்டினாள். எழுத்து அழகாகக் கோட்டோடு வந்தது.

"அய்யய்யோ அக்கா, இவ்வளவுதானா! இதுக்கா உங்களை..." என்று துள்ளி எழுந்தாள். "இருங்க, சார்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சைபர் ரெண்டு மூணு மூணு. மேல ரெண்டு புள்ளின்னா கடைசி நம்பர் அஞ்சு. அந்த வால் வெச்ச எழுத்துக்கு ஒண்ணு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

புதியவள் திருதிருவென்று விழித்தாள். "அப்புறம் ஏங்க்கா?"

"சிஸ்டம் ஆளை யார் யார் கூப்பிடறாங்கன்னு ஹெட் ஆபீஸ்ல கணக்குப் பாக்கறாங்கடி. யாரும் கூப்பிடலைன்னா ஆளே வேணாம்னு அனுப்பிடறாங்க. மத்த பிராஞ்ச்ல எல்லாம் அனுப்பியாச்சு. இங்க அவரைக் கூப்பிடறது நான் ஒருத்திதான்."

"அதுக்காக உங்க சீட்டையே விட்டுடுவீங்களா?"

"எனக்குப் போறதுக்குக் குடோனாவது இருக்கு. இந்த வயசுல அவரை யார் வேலைக்கு எடுப்பா?" அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அவருக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது."

அக்கா குடோன் பக்கம் நடந்தாள். புதியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒழுங்காக வந்திருந்த அந்த எழுத்தை அழித்தாள். போனை எடுத்து, மேனேஜர் அறை வரைக்கும் கேட்கிற குரலில் பேசினாள்:

"சிஸ்டம் அண்ணனா? லேபிள் சீட்லேர்ந்து பேசறேன். இங்க ஒரு எழுத்து வரவே மாட்டேங்குதுண்ணா. கொஞ்சம் இறங்கி வரீங்களா?"