அக்கா கரைக்கு வருகிறாள்

போர்க்காலத்தில் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டப்படும் விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்றாவது, கப்பல் கட்டும் தளத்தில் பாதி முடிந்து நிற்கிறது. அதன் மேல்தளத்தில் வெல்டிங் செய்கிறவள் வேலையை அப்படியே போட்டுவிட்டு விளிம்புக்கு வருகிறாள். இங்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் முதல் கப்பல், சண்டையில் அடிபட்டுப் பழுதுபார்க்க வந்துகொண்டிருக்கிறது. சாய்ந்த வெயிலில் அதன் விலா கருகித் தெரிகிறது; ஓடுதளத்தின் முனை நனைந்த அட்டைபோல் மடங்கிக் கிடக்கிறது. அதில் விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புகிறவன் அவள் கணவன். குண்டு விழுந்த சேதி வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுத்தியல் சத்தம் மெல்ல ஓய்கிறது. இழுவைப் படகுகள் முக்கி முனகி அக்காவைத் தங்கையின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. வரிசையாக நிற்கும் மாலுமிகளின் முகங்களை அவள் ஒவ்வொன்றாகத் தேடுகிறாள். கையில் கட்டோடு ஒருவன் முண்டியடித்து முன்னால் வருகிறான்.

"ஏன் இப்படி எளைச்சுட்டே? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?"

"கப்பலைக் கரிச்சட்டியாக்கிக் கொண்டாந்துட்டு என்னைக் கேக்கறீங்களா?" என்கிறாள். பாதியில் குரல் உடைகிறது. இரண்டு தளங்களிலும் சிரிப்பு எழுகிறது.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "வேலை எங்கேயும் ஓடிடாது. நீ எறங்கிப் போம்மா."

அவர் சொல்லி முடிக்கும்போது அவள் ஏணியில் பாதி தூரம் இறங்கியிருக்கிறாள்.