எதிர்க்கடை

"உண்மையச் சொல்லுங்க. எதிர்க்கடைக்காரிகிட்ட எத்தன நாளாப் பேசுதிய?"

நஸீமின் கையிலிருந்த ஏத்த வாழைக்காய் நழுவி எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. "ஏட்டி, என்ன பறையுத? பூங்கனி அக்காளயா? நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தே மாசக்கணக்காச்சு!"

"அப்ப நம்ம ரகசியமெல்லாம் அவளுக்கு எப்பிடித் தெரியுது?"

அவன் மனைவி ஜஸ்னா சொன்னது குடும்ப ரகசியம் அல்ல, வியாபார ரகசியம். குளச்சல் பேருந்து நிறுத்தத்தில் அவளும் பூங்கனியும் எதிரெதிரே ஏத்தங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்தார்கள். கடலோரத்துச் சிறுபான்மைப் பெண்களின் சிறுதொழிலுக்கு மானியமும் பயிற்சியும் தரும் ஓர் அறக்கட்டளைக்கு ஜஸ்னா மனுப் போட்டு, கடைசிச் சுற்று வரை வந்திருந்தாள். ஊருக்கு ஒரே ஒரு மானியம். அதுவும் சொந்தமாக யோசித்துத் தொழிலை வளர்த்தவருக்குத்தான்.

கிடைத்தால் காய் சீவும் இயந்திரம் வாங்கிவிடலாம், கடை நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் நஸீம் மறுபடியும் சவுதிக்கு விமானம் ஏற வேண்டியதுதான். ஒன்பது வருடம் போனிலேயே குடும்பம் நடத்தி அவள் அலுத்துப் போயிருந்தாள். இன்னொரு தரம் அவனை வழியனுப்பி வைக்க அவளுக்குத் தெம்பில்லை.

பயிற்சி தருபவர் நாகர்கோவில் சிவபிரசாத். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போன் வரும். பதினொன்றரை ஆனால் பாதிப் பேச்சிலேயே, "சரிம்மா, நேரமாச்சு. நாம பேசுறது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று வைத்துவிடுவார்.

அவர் சொன்னபடி ஜஸ்னா ருசி பார்க்கக் கடை முன்னால் ஒரு தட்டு வைத்தாள். மறுநாள் பூங்கனி கடையிலும் தட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சின்னப் பொட்டலம் போட்டாள். அங்கேயும் பொட்டலம். வருகிறவர்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "வாங்க எட்சன் அண்ணே!" என்று பூங்கனியின் குரல் கணீரென்று கேட்டது.

"சார், எதிர்க்கடைக்காரி அப்பிடியே காப்பியடிக்கா" என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள். மறுமுனையில் நீளமாக ஓர் இருமல் கேட்டது.

"அதையெல்லாம் பார்க்காதீங்கம்மா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

பார்க்காமல் எப்படி இருப்பது? செவ்வாய்க்கிழமையானால் பூங்கனியின் மினுக்கே தனி. உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளே போய்விடுவாள். யாரோ வேவுகாரனிடம் துப்புக் கேட்கிறாள், வேறென்ன! கடை ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நஸீம். அதனால்தான் இன்று அவனுக்கு விசாரணை.

அவன் சத்தியம் பண்ணியும் ஜஸ்னா நம்பவில்லை. ஒரு பரீட்சை வைத்தாள். அடுத்து வந்த செவ்வாய் சார் போனில் சொன்னது, அடுப்பை வாசலுக்குக் கொண்டு வாருங்கள், தேங்காயெண்ணெய் மணம் பஸ்ஸுக்கு நிற்பவர்களை இழுக்கட்டும் என்று. நஸீமிடமோ, "கடைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கணுமாம்" என்று அளந்துவிட்டாள்.

மறுநாள் காலை எதிர்க்கடையில் சிவப்புமில்லை, பச்சையுமில்லை. ஆனால் ஜஸ்னா தன் அடுப்பைத் தூக்குவதற்குள் பூங்கனியின் அடுப்பு வாசலில் எரிந்துகொண்டிருந்தது.

நஸீம் நிரபராதி. அன்று மத்தியானம் அவன் தட்டில் பொரித்த சாளை மீன் இரண்டு கூடுதலாக விழுந்தது. "படச்சவனே, மனசுல நெனைக்கதையும் படிக்காளே!" என்று ஜஸ்னா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கடைசிச் சுற்று நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில். வாசலில் கழுத்தில் அட்டை மாட்டி நின்றவர் "வாங்கம்மா" என்றதுமே குரல் பிடிபட்டுவிட்டது.

"சார், நான்தான் குளச்சல் ஜஸ்னா! நீங்க சொல்லித் தந்ததெல்லாம் எனக்க சொந்த யோசனைன்னு நடுவருங்ககிட்ட நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

சிவபிரசாத் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. "முதல்ல உள்ளே போய் உக்காருங்கம்மா, சீக்கிரம்" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவசரப்படுத்தினார்.

அதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. புதுச் சேலையும் சிலுவைச் சங்கிலியுமாகப் பூங்கனி இறங்கினாள், கையில் அதே அறக்கட்டளையின் கடிதம். மனுப் போட்டதிலும் காப்பியா! ஜஸ்னாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"சார், நான் சொன்னேன்லா..." என்று அவள் வாயெடுத்தாள்.

பூங்கனி முந்திக்கொண்டாள். ஜஸ்னாவின் மூக்குக்கு நேரே விரலை நீட்டியபடி சிவபிரசாத்திடம் சொன்னாள்:

"சார், எனக்க கடையை ஒருத்தி அப்பிடியே காப்பியடிக்கான்னு செவ்வாய்க்கிழமை தோறும் உங்ககிட்ட அழுதேன்லா, அது இவதான்!"